அம்பாசிடருக்கு எந்த ஷாக் அப்சார்பர்?

ஹவுராவிலிருந்து பர்தமான் செல்லும் லோக்கல் ரயில் உத்தர்பாடாவைத் தாண்டியதும் நிற்கிற ஸ்டேஷனுக்குப் பெயர் ஹிந்த் மோட்டார். ஒரு கார் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஸ்டேஷன் அது. 1942-ல் குஜராத்தின் போர்ட் ஓக்காவில் பிர்லா குடும்பம் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 1948-ல் ஹூக்ளிக் கரைக்கு இடம் மாறியது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை அடியொற்றி, 1950-களின் பிற்பகுதியில் இங்கிருந்து அம்பாசிடர் வெளிவரத் தொடங்கியது. 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. 1980-களின் நடுவில் ஆண்டுக்கு 24,000 கார்கள் விற்ற இடத்தில், கடைசி நிதியாண்டில் விற்றவை சுமார் 2,200.

ஆக, இன்று சாலையில் இருக்கும் மிக இளைய அம்பாசிடருக்கே பத்து வயது தாண்டிவிட்டது. ஹவுரா ஸ்டேஷன் வாசலில் வரிசை கட்டி நின்ற மஞ்சள் டாக்சிகள் வேகமாகக் குறைந்துவருகின்றன. 15 ஆண்டு முடிந்த வாடகை வாகனங்கள் கொல்கத்தா பெருநகரப் பகுதியில் ஓடக் கூடாது என்று 2008-ல் உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு ஹவுராவுக்கும் சேர்த்துத்தான். சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவர்களின் நிலை வேறு. பதினைந்து ஆண்டு முடிந்ததும் தகுதிச் சோதனையில் தேறினால், ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். அப்பாவின் கார், தாத்தாவின் கார் என்று வீட்டோடு வைத்துப் பராமரிப்பவர்கள் ஹவுராவிலும் இருக்கிறார்கள், கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரிடமும் இருக்கும் குறை ஒன்றுதான்: அந்தக் காலத்தில் மெத்தையில் உட்கார்ந்தது போல் போன வண்டி, இப்போது தூக்கித் தூக்கிப் போடுகிறது. மெக்கானிக்கிடம் போனால், “ஷாக் போயிடுச்சு சார், நாலும் மாத்திடலாம்” என்பார். மாற்றிய பிறகும் பலருடைய வண்டி முன்னைவிட முரட்டுத்தனமாகவே ஓடுகிறது.

இதற்குக் காரணம், ஷாக் அப்சார்பர் என்ன வேலை செய்கிறது என்பது பற்றிய தவறான எண்ணம். குலுக்கலை வாங்கிக்கொள்வது அது அல்ல. அந்த வேலையைச் செய்வது ஸ்பிரிங். சக்கரம் மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் அமுங்கி, அதிர்ச்சியை உள்ளே வாங்கிவைக்கிறது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் அதனால் இருக்க முடியாது. கட்டுப்படுத்த ஆள் இல்லாவிட்டால் வண்டி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் பணி. உள்ளே எண்ணெய், அதில் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் நுண்ணிய துளைகளும் வால்வுகளும். பீச்சாங்குழலை அழுத்தும்போது சின்னத் துளை வழியே தண்ணீர் திணறிக்கொண்டு வருமே, அப்படித்தான் எண்ணெயும் துளை வழியே திணறிப் பாய்கிறது. ஆட்டத்தின் சக்தி சூடாக மாறி, குழாயின் மேற்பரப்பு வழியாகக் காற்றில் கலக்கிறது. கரடுமுரடான சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, சைலன்ஸர் குழாயில் கை படாதபடி ஷாக் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தால், உழைத்தது இளஞ்சூடாக இருக்கும். ஒன்று மட்டும் குளிர்ந்து கிடந்தால், அது வேலையை நிறுத்திவிட்டது என்று அர்த்தம்.

இந்தத் தடுப்பு இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பதில்லை. சக்கரம் மேலே ஏறும்போது வழிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேட்டின் இடி அப்படியே உடம்புக்கு வரும். ஸ்பிரிங் விரிந்து வண்டியின் உடலை மேலே தள்ளும்போது பிடித்து நிறுத்த வேண்டும். அதனால் பயணிகள் கார்களில் விரியும் பக்கத்துத் தடுப்பு, அமுங்கும் பக்கத்தைவிடக் கூடுதலாக வைக்கப்படுகிறது. எண்ணெய் ஷாக் பரவலாகும் முன்பே இது தெரிந்திருந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கார் ஹாரன் செய்துகொண்டிருந்த கிளாட் ஃபாஸ்டர், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வார்ப்பட்டையால் ஆன ‘ஸ்னபர்’ என்ற கருவியை விற்றார். ஸ்பிரிங் அமுங்கும்போது அது தளர்ந்து வழிவிடும், விரியும்போது இறுக்கிப் பிடிக்கும். அவருடைய நிறுவனத்தின் பெயர் கேப்ரியல். அந்தப் பெயரைத் தாங்கி 1961-ல் தொடங்கப்பட்ட கேப்ரியல் இந்தியா, இன்று ஓசூர் உட்படப் பல ஊர்களில் ஷாக் அப்சார்பர் தயாரிக்கிறது.

மனித உடம்புக்கும் இதில் பங்கு உண்டு. நாம் நடக்கும்போது உடல் நொடிக்கு ஒன்றரை, இரண்டு முறை மேலும் கீழும் அசைகிறது. அது நமக்குப் பழகிய தாளம். நொடிக்கு ஒரு முறையிலிருந்து ஒன்றரை முறை வரை ஆடும் கார் சுகமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான் என்கிறார்கள். நொடிக்கு அரை முறைக்கும் கீழே போனால் வயிற்றைப் புரட்டும். நொடிக்கு நான்கிலிருந்து எட்டு முறை வரையிலான மேல்கீழ் அதிர்வைத்தான் உட்கார்ந்திருக்கும் உடம்பு கொஞ்சமும் தாங்காது. ஷாக் தளர்ந்திருந்தால், நொடிக்கு ஒன்று, ஒன்றரை முறை வரும் அந்த மெதுவான ஆட்டம் நிற்காது. மிகக் கெட்டியாக இருந்தாலோ, சாலையின் சின்னச் சின்ன அதிர்வெல்லாம் ஸ்பிரிங்கைத் தாண்டி நேரே முதுகெலும்புக்கு வரும். ஆட்டத்தை ஒரே மூச்சில் நிறுத்திவிடக்கூடிய தடுப்பில், கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருந்தாலே ஒரு பயணிகள் காருக்குப் போதும். வேகத்தடை தாண்டியதும் வண்டி ஒரு முறை எழுந்து, மெல்ல அமர்வது இயல்பானது. அதைக் குறை என்று நினைத்துக் கெட்டியான ஷாக் தேடுகிறவர்கள் இருக்கிற சொகுசையும் பறிகொடுக்கிறார்கள்.

ஷாக் வாங்கக் கிளம்பும் முன் அம்பாசிடரின் அடியில் படுத்துப் பார்க்க வேண்டியவை நிறைய. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய காரில் குலுக்கலின் பெரும்பகுதி ஷாக்கிலிருந்து வருவதில்லை.

முதலில் பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இந்தப் பட்டைகள் வளையும்போது ஒன்றோடொன்று உரசி நகர வேண்டும். அந்த உரசலே ஓரளவு தடுப்பாகவும் வேலை செய்கிறது. மழைக்காலத்தில் ஹவுராவின் தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பது வழக்கம். அந்தச் சேற்று நீர் பட்டைகளுக்கு நடுவே புகுந்து துருவேறினால் உரசல் பல மடங்காகிவிடும். சின்ன மேடுகளுக்குப் பட்டை வளையவே வளையாது. அப்போது வண்டி டயரின் காற்றில் மட்டும் குதித்துக்கொண்டு போகும். இந்த நிலையில் உலகத்திலேயே சிறந்த ஷாக்கை மாட்டினாலும் பயன் கிடையாது, ஏனென்றால் ஷாக் நகர்ந்தால்தான் அது வேலை செய்யும். பட்டைகளைக் கழற்றி, துரு சுரண்டி, கிராஃபைட் கிரீஸ் தடவி மாட்டினாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். வேஸ்ட் ஆயிலைப் பட்டைகளின்மேல் ஊற்றும் பழக்கம் பல ஒர்க்‌ஷாப்களில் உண்டு. அது வழிந்து ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கிறது.

அடுத்து இந்த ரப்பர் புஷ்கள். பட்டையின் இரு முனைகளிலும் முன்பக்கத்து சஸ்பென்ஷன் கைகளிலும் இருக்கும் புஷ்கள் வயதானால் கல்லாக இறுகும், அல்லது கிழிந்து போகும். ‘டங் டங்’ என்ற சத்தம் கேட்டால் ஷாக்கைச் சந்தேகிக்கும் முன் புஷ்ஷைப் பார்ப்பது நல்லது. ஹவுராவில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. பெலிலியஸ் ரோடு பக்கம் போனால் லேத் பட்டறைகள், வார்ப்படக் கூடங்கள் என்று சின்னச் சின்ன இன்ஜினீயரிங் தொழில்கள் தெருவெங்கும் பரவிக் கிடக்கின்றன. பட்டையின் முனையைத் தாங்கும் ஷேக்கிளின் தேய்ந்த பின்னை அளவெடுத்துப் புதிதாகக் கடைந்து தருவது அங்கே பெரிய காரியம் அல்ல. ரப்பர் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. எளிதில் தேயாது என்று நைலானிலோ பித்தளையிலோ புஷ் போட்டால், ரப்பர் விழுங்கிக்கொண்டிருந்த அதிர்வெல்லாம் உடலுக்குள் வந்துவிடும்.

பிறகு டயர். அம்பாசிடர் பிறந்தபோது அதற்கு 5.90-15 அளவில் குறுக்கிழை டயர். இப்போது ரேடியல் மாட்டியிருப்பவர்கள் நிறைய. எது இருந்தாலும், மைலேஜ் கிடைக்கும் என்று காற்றைக் கூடுதலாக அடித்தால் டயரே கட்டை போல் ஆகிவிடும். காசு செலவில்லாத சோதனை இது. காற்றைச் சரியான அளவுக்குக் குறைத்து ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாம்.

டாக்சியாக ஓடி, பின்னர் சொந்த உபயோகத்துக்கு வந்த வண்டிகளில் இன்னொரு சிக்கல். சுமை ஏற்றவும், டிக்கியில் வைத்த கேஸ் சிலிண்டரின் எடையைத் தாங்கவும் ஒன்றிரண்டு பட்டைகளைக் கூடுதலாகச் செருகியிருப்பார்கள். இது கார் முழுவதின் ஒத்திசைவையும் கெடுக்கிறது. ரோல்ஸ்ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் கேடிலாக்குக்குப் போன மாரிஸ் ஓலி என்ற பொறியாளர், 1930-களில் ஒரு சோதனைக் காரில் எடைக்கட்டிகளை இடம் மாற்றி மாற்றி வைத்து, ஆட்களை உட்காரவைத்து, எப்போது சுகமாக இருக்கிறது என்று கண்டறிந்தார். முன் ஸ்பிரிங் மெதுவாகவும் பின் ஸ்பிரிங் சற்று வேகமாகவும் ஆடினால், மேட்டில் பின்னால் ஏறும் பின்பக்கம் முன்பக்கத்தை எட்டிப் பிடித்து, இரண்டும் சேர்ந்து எழுந்து சேர்ந்து இறங்கும். மூக்கும் வாலும் மாறி மாறித் தூக்கும் ஊஞ்சலாட்டம் வராது. ஆனால் ‘சற்று வேகம்’ என்பதுதான் கணக்கு. இரண்டு பட்டைகளைக் கூடுதலாகச் செருகிய பின்பக்கம் அந்தக் கணக்கைக் கடந்துவிடும்; அதை அடக்கும் தெம்பும் கம்பெனி ஷாக்குக்கு இருக்காது. சுமை ஏற்றாத வண்டி என்றால் அந்தப் பட்டைகளை உருவிவிடுவதே சரி. பதிலுக்கு இன்னும் கெட்டியான ஷாக் தேடுவது ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பு.

இவ்வளவும் சரியாக இருந்து, வண்டி இன்னும் ஆடினால் அப்போது ஷாக் மாற்றலாம். காரின் மூலையை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணிப் பார்க்கும் பழைய சோதனை, பட்டை ஸ்பிரிங் வண்டியின் பின்பக்கத்தில் அவ்வளவு நம்பகமில்லை. பட்டைகளின் உரசலே ஆட்டத்தை நிறுத்திவிடும் என்பதால், செத்த ஷாக்கும் தேறிவிடும். வேறு அறிகுறிகளைப் பார்க்க வேண்டும்: குழாயில் எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருப்பது, டயரின் மேற்பரப்பு ஆங்காங்கே கிண்ணம் கிண்ணமாகத் தேய்வது, பிரேக் போட்டால் மூக்கு மிக அதிகமாகக் குனிவது, கோனா எக்ஸ்பிரஸ்வேயில் வேகம் எடுத்தால் வண்டி படகு போல் மிதப்பது. பிஸ்டனோடு இணைந்த கம்பி குழாயிலிருந்து வெளிவரும் வாயருகே லேசான எண்ணெய்ப் படலம் மட்டும் இருந்தால் அது குறையல்ல.

கடைசிக் கால அம்பாசிடர்களில் முன்னால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குத் தண்டான டார்ஷன் பார், பின்னால் பட்டை ஸ்பிரிங், நான்கு மூலைகளிலும் குழாய் வடிவ ஷாக். கடையில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். எண்ணெய் மட்டும் உள்ள இரட்டைக் குழாய், குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் அடைத்த இரட்டைக் குழாய், உயர் அழுத்த வாயு அடைத்த ஒற்றைக் குழாய். தொடர்ந்து குலுங்கும்போது எண்ணெயில் காற்று கலந்து நுரைத்தால் தடுப்பு குறைந்துவிடும். நுரையைத் தடுக்கத்தான் வாயு. பிரெஞ்சுக்காரரான கிறிஸ்டியன் பூர்சியே து கார்போன் வடிவமைத்த ஒற்றைக் குழாய் ஷாக்கை, ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் 1957-ல் மெர்சிடிஸ் கார்களுக்குத் தயாரிக்கத் தொடங்கியது. நீண்ட நேரம் வேகமாக ஓடும் வண்டிக்கு அது அருமையான பொருள்.

பழைய, மென்மையான வண்டிக்கு அது தேவையா என்பது வேறு கேள்வி. உள்ளே இருக்கும் வாயு, கம்பியை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கம்பியின் விட்டம் 11 மில்லிமீட்டர், அழுத்தம் 25 பார் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஷாக் சுமார் 24 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வண்டியை மேலே தூக்குகிறது. அழுத்தம் 5 பார் என்றால் அது 5 கிலோ அளவுதான். உயர் அழுத்த வகையில் வண்டியின் உயரம் சற்று ஏறும், உள்ளே இருக்கும் சீல்களின் பிடியும் கூடும், சின்ன மேடுகளில் தடதடப்பு வரும். கொல்கத்தாவின் பழைய டிராம் பாதைகளிலும் ஹவுராவின் ஜி.டி. ரோட்டிலும் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வாய்ப்பில்லாத ஒரு வண்டியில் எண்ணெய் நுரைக்கும் அளவுக்கு வேலையே இல்லை. சொகுசுதான் வேண்டும் என்பவருக்கு, கம்பெனி அளவில் வரும் சாதாரண எண்ணெய் ஷாக்கே முதல் தேர்வு. நெடுஞ்சாலைப் பயணம் அதிகம் என்றால் குறைந்த அழுத்த வாயு வகைக்குப் போகலாம். ‘ஹெவி டியூட்டி’ என்று எழுதிய பெட்டி, எப்போதும் நிறையச் சுமை ஏற்றுகிறவருக்கானது.

திருகிச் சரிசெய்யும் வகையும் உண்டு. குதிரைச் சேணம் செய்யும் தொழிலாக 1857-ல் நெதர்லாந்தில் தொடங்கிய கோனி என்ற நிறுவனம் இதில் பெயர் பெற்றது. அப்படி ஒன்று கிடைத்து மாட்டினால், மிக மென்மையான நிலையில் வைத்துத் தொடங்க வேண்டும். பிற்காலத்தில் தேய்மானத்தை ஈடுகட்டத்தான் மீதித் திருகல்.

அம்பாசிடரின் உதிரி பாகங்களைத் தேடி ஹவுராக்காரர்களும் பாலம் தாண்டிப் போவது மல்லிக் பஜாருக்கு. பார்க் ஸ்ட்ரீட்டின் கிழக்கு முனையில் இருக்கும் அந்தச் சந்தை, பழைய வண்டிகளின் பாகங்களுக்குப் பேர்போனது. கழற்றி விற்கும் பாகங்களோடு ‘ரீகண்டிஷன்’ செய்த பொருள்களும் அங்கே கிடைக்கும். டைனமோவையோ கதவுக் கைப்பிடியையோ அப்படி வாங்கலாம். ஷாக் அப்சார்பரை வாங்கக் கூடாது. குழாயை வெட்டி, புது எண்ணெய் ஊற்றி, வெல்டிங் வைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்தால் பார்வைக்குப் புதிதாகத்தான் இருக்கும். உள்ளே தேய்ந்த வால்வும் சீலும் அப்படியே இருக்கும். ஷாக் எண்ணெய் மிக மெல்லியது. அதற்குப் பதிலாகக் கெட்டியான எண்ணெயை ஊற்றியிருந்தால் கையால் அழுத்திப் பார்க்கும்போது ‘நல்லா டைட்டா இருக்கே’ என்று தோன்றும், சாலையில் இடுப்பை ஒடிக்கும். பல ஆண்டு அலமாரியில் கிடந்த பழைய ஸ்டாக்கிலும் எச்சரிக்கை வேண்டும். பெட்டி பிரிக்காததாக இருந்தாலும் உள்ளே சீல் காய்ந்திருக்கும். தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குவது பாதுகாப்பு.

அசல் பாகம் கிடைக்காவிட்டால் வேறு வண்டியின் ஷாக்கைப் பொருத்துவது நம் ஊர் மெக்கானிக்குகளுக்குக் கைவந்த கலை. அப்படிச் செய்யும்போது மாட்டும் முனை ‘பின்’ வகையா, வளைய வகையா என்பதோடு இரண்டு நீளங்களையும் ஒப்பிட வேண்டும்: முழுதாக விரிந்த நீளம், முழுதாக அமுங்கிய நீளம். அமுங்கிய நீளம் அதிகமாக இருந்தால், பெரிய பள்ளத்தில் ஸ்பிரிங்கின் ரப்பர் தடுப்பு தொடும் முன்பே ஷாக் இடித்து உள்ளே உடையும். விரிந்த நீளம் குறைவாக இருந்தால் சக்கரம் கீழே தொங்கும்போதெல்லாம் ஷாக்கே சங்கிலி போல் இழுத்துப் பிடிக்கும். நீளம் பொருந்தினாலும், இலேசான வண்டிக்குச் செய்த வால்வு 1,100 கிலோவுக்கு மேல் எடையுள்ள அம்பாசிடரை அடக்காது. ஜீப்புக்குச் செய்தது அளவுக்கு மீறி அடக்கும்.

மாட்டும் விதத்திலும் சொகுசு தொலையும். இரட்டைக் குழாய் ஷாக் கடையில் படுத்துக் கிடந்திருந்தால் உள்ளே காற்று வேலை செய்யும் அறைக்குள் போயிருக்கும். நிமிர்த்திப் பிடித்து, முழுதாக இழுத்து முழுதாக அழுத்தி, தடுப்பு சீராக வரும் வரை சில முறை செய்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். ஓர் அச்சில் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று, எடை முழுதும் இறங்கிய பிறகே இறுதி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே இருந்து, சீக்கிரம் கிழிந்துபோகும். முன்பக்கம் தாழ்ந்திருந்தால் அதற்கும் ஷாக் மருந்தல்ல. டார்ஷன் பாரின் நங்கூர முனையில் உயரத்தைச் சரிசெய்ய வழி இருக்கிறது. இரண்டு பக்கமும் அளந்து, ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து, பிறகு வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

அம்பாசிடரைவிட மூத்த வண்டிகளுக்குக் கதை மாறும். தி ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1968 முதல் கொல்கத்தாவில் நடத்திவரும் பழங்கார் அணிவகுப்பில் வரும் பல வண்டிகளில் ஷாக் அப்சார்பர் குழாயாக இருக்காது. கை நீண்ட ஒரு இரும்புப் பெட்டியாக இருக்கும். மோரிஸ் மைனரில் முன்பக்கம் அந்தக் கைதான் சஸ்பென்ஷனின் மேல் கையும்கூட. அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் குழாய் ஷாக் மாட்ட முடியாது. எண்ணெய் அளவைப் பார்த்து நிரப்புவதும், தண்டு தேய்ந்திருந்தால் புஷ் போட்டுச் சீல் மாற்றுவதும்தான் வழி. ரீகண்டிஷன் செய்வது நியாயமான வகை இது. பெலிலியஸ் ரோட்டுக் கைகளுக்கு ஏற்ற வேலை.

மாருதி 800 போன்ற பிந்தைய கார்களில் முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட். அதை மாற்றும்போது மேலே இருக்கும் ரப்பர் மவுன்ட்டையும் பேரிங்கையும் பழையபடியே போட்டால், புது ஷாக்கின் மேல் பழைய சத்தம் உட்கார்ந்துகொள்ளும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் சரியான கருவி இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. அமுங்கிய காயில் ஸ்பிரிங் நழுவினால் உயிருக்கே ஆபத்து.

நான்கையும் மாற்றி வண்டியை வெளியே எடுத்த முதல் நாளே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. புதுச் சீல்கள் முதல் சில நூறு கிலோமீட்டருக்கு இறுக்கமாகவே இருக்கும். பழகிய ஒரே சாலையில், வழக்கமான ஆட்களோடும் வழக்கமான டயர் காற்றோடும் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பதே ஒப்பீடு. ஆயிரம் கிலோமீட்டர் ஆனதும் போல்ட்டுகளை ஒரு முறை முறுக்கிப் பார்த்துவிட்டு, பின் இருக்கையில் உட்காரும் பெரியவர்களிடம் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஸ்டீயரிங் பிடித்திருப்பவருக்கு மேடு முன்கூட்டியே தெரிந்துவிடும் என்பதால் குலுக்கல் பாதிதான் தெரியும். பின்னால் இருப்பவருக்கு முழுதும் தெரியும்.